அண்ணனுக்குப் போட்ட நாற்காலி

இதைக் கேட்டுவிட்டுக் கிருபாவதியைப் பொய்க்காரி என்று சொல்லிவிடாதீர்கள், கண்ணுகளா. தான் ஆம்பிளை என்று அவள் ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

போடி கடைவீதியில் அவள் கணவர் ஞானசிகாமணி மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாண வீடு, சர்ச் கூட்டம் என்று அவர் போகிற இடமெல்லாம் அவளும் போய், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பக்கத்தில் உட்காருவாள். எந்த ஸ்பீக்கர் இரைகிறது, எந்த வாத்தியம் தூக்கலாக இருக்கிறது என்று அவர் கேட்கும் முன்னே சொல்லிவிடுவாள். ஆறு வருஷத்துக்கு முன் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கடையும் போனது. பிள்ளை கிடையாது. அவள் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போனாள். மிஞ்சியது அவருடைய போன். அதில் அவர் பெயர், முகத்துக்குப் பதில் ஒரு ஸ்பீக்கர் படம்.

அந்தப் போனில்தான் 'ஒன்பதாம் வளைவு' அவளுக்குக் கிடைத்தது. கம்பம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்த ராக் பேண்ட். லோயர் கேம்ப்பில் தண்ணீர் இரைகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று, கிடாரை எட்டு நிமிஷம் அழவிட்டு ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கை தன் பாட்டுக்குக் காயைப் பொறுக்க, கிருபாவதி அதைக் கேட்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் ஆளில்லை. பாட்டுக்குக் கீழே எழுதினாள்: "நாலாவது நிமிசத்துல பேஸ் கிடார் ஒரு இம்மி பிந்தி வருது. தப்பு இல்ல. அதுதான் அழகு."

அதைப் படித்த ரசிகர்கள், சிகாமணி அண்ணே, எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வாங்க என்று இழுத்துக்கொண்டார்கள். நாற்பத்தாறு பேர். அண்ணன் காது யாருக்கும் வராது என்றார்கள். சாப்பிட்டீங்களா என்று அவளைக் கேட்க உலகத்தில் அந்தக் குரூப்பை விட்டால் ஆளில்லை. முதல் நாளே உண்மையை எழுதியிருக்கலாம்தான். முதல் நாள் வெட்கமாக இருந்தது. அப்புறம் பயமாகிவிட்டது.

போன தை மாதம் பேண்ட் 'குளுகுளு குமுளி' என்று ஒரு பாட்டு விட்டது. ரெண்டரை நிமிஷம்; கைத்தட்டு, விசில், ஆடுவதற்கு ஒரு தாளம். ஆட்டோ, பஸ், கல்யாண மண்டபம் எல்லா இடத்திலும் அதுதான். குரூப் ரெண்டாக உடைந்தது. சண்டையை ஆரம்பித்தவன் பெரியகுளத்து பைக் மெக்கானிக் செல்வின். புதுப் பாட்டைப் பிடித்தவர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று எழுதிவிட்டான். பாதிப் பேர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேனி பேக்கரியில் வர முடிந்தவர்கள் கூடுவது, சிகாமணி அண்ணன் சொல்வதுதான் முடிவு என்று கடைசியில் ஆனது.

அண்ணனுக்கோ புதுப் பாட்டுப் பிடித்திருந்தது.

எப்படி என்று கேட்பீர்கள். ஆறு வருஷம் ஒற்றைக் காதில் தனியாகக் கேட்டவள் அல்லவா. ஒருநாள் பக்கத்தில் சல்லடை சலித்துக்கொண்டிருந்த அய்யம்மாள் அந்தக் குமுளிப் பாட்டை முணுமுணுத்தாள். காய் பொறுக்குகிற பெண்கள் வரிசையே எடுத்துப் பாடியது. "ஏக்கா, ஒனக்கும் தெரியுமா இது?" என்றாள் அய்யம்மாள். கிருபாவதியும் சேர்ந்து பாடினாள். மறுவாரம் வரிசை வேறு பாட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த ஒரு வாரம் அவளுடையதுதானே.

நேரில் போய் ரெண்டையும் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறினாள். நான் பொம்பளை, எனக்கு அந்தப் பாட்டுப் பிடித்திருக்கிறது. ரெண்டில் ஒன்றுக்காவது துரத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் போனாள்.

பேக்கரியில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். போனில் பார்த்த முகங்கள். செல்வின், ஆட்டோ ஓட்டுகிற சீனிச்சாமி, சின்னமனூர் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் விஜி. நாலாவது நாற்காலி காலியாக இருந்தது.

"தம்பி, இங்கன உக்காரலாமா?" என்றாள்.

செல்வின் நாற்காலியின் முதுகில் கையை வைத்தான். "ஆள் வருதுக்கா. எங்க அண்ணனுக்குப் போட்டது."

அவள் பக்கத்து மேசையில் ஆடுகிற ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ சொன்னாள்.

"அண்ணன் எப்படி இருப்பாகன்னு நெனைக்கிற?" என்றான் சீனிச்சாமி.

"கறுப்புச் சட்டை. தோள் வரைக்கும் முடி," என்றான் செல்வின்.

"வழுக்கையா வந்து நின்னா?" என்றாள் விஜி.

"ஏத்தா, அண்ணனக் கிண்டல் பண்ணாத. நீயெல்லாம் குமுளிக்கு ஆடுனவ."

"ஆடுனேன்தான். தங்கச்சி கல்யாணத்துல ஆடுனேன். ஒன் எட்டு நிமிசப் பாட்டுக்கு எங்க ஆடுறது, சுடுகாட்டுலயா?"

"நமக்காகப் பாடுனவிங்க விஜி. இப்ப பஸ்ஸுல தூங்குறவனுக்குப் பாடுறாய்ங்க."

"ஏலே, தூங்குறவனும் மனுசன்தான்," என்றான் சீனிச்சாமி. "நானும் அந்தப் பழைய பாட்ட ஆட்டோவுல போட்டுப் பாத்தேன். மூணு பேரு பாதி வழியில இறங்கிப் போனாக."

விஜி சிரித்துவிட்டுக் கேட்டாள். "அண்ணனே புதுசு நல்லாருக்குன்னு சொல்லிட்டா?"

"சொல்ல மாட்டாக." செல்வின் குரல் இறங்கிவிட்டது. "பட்டறையிலயும் வீட்டுலயும் நிப்பாட்டு நிப்பாட்டுன்னு சொன்ன பாட்டு அது. அண்ணன் எழுதினதப் படிச்ச அன்னைக்குத்தான், நான் ஒருத்தன் மட்டும் கேக்கலன்னு தெரிஞ்சுச்சு."

அவன் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான். கிருபாவதியின் மடியிலிருந்த பைக்குள் போன் அதிர்ந்தது. நிற்கும்வரை பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்க மாட்டாக. எழுதத்தான் செய்வாக," என்றான் அவன்.

எழுந்து ரெண்டு எட்டு வைத்தால் போதும். அவளால் முடியவில்லை. அவர்கள் நினைப்பில் கறுப்புச் சட்டையும் தோள்வரை முடியுமாக ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. அவரை எழுப்பிவிட்டு அவள் எப்படி உட்காருவாள்? மேசைக்குக் கீழே போனை வைத்துக் குரூப்பில் எழுதினாள். விஜிதான் அதை உரக்கப் படித்தாள்.

"வர முடியலை. புதுப் பாட்டு எனக்குப் பிடிச்சிருக்கு. கைத்தட்டுக்கு அடியில கேட்டுப் பாருங்க. பேஸ் இன்னமும் அந்த இம்மி பிந்தித்தான் வருது. குரூப்ப ஒடைக்க வேணாம். ஒடைக்கிறதா இருந்தா நான் போயிக்கிறேன்."

செல்வின் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், குமுளிப் பாட்டை முழுசாகக் கேட்டான். மறுபடியும் கேட்டான்.

"பிந்தித்தான் வருது," என்றான். இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, காலி நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "அக்கா, அந்த ஸ்டூல் ஆடுது. நீங்க இதுல உக்காருங்க. ஆள் வரல."

அவள் உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்ட ஏலக்கா வாசம் அடிக்குதே, போடியாக்கா?" என்றாள் விஜி.

"ஆமா."

"சிகாமணி அண்ணனத் தெரியுமா? பாட்டு கேக்குறவக."

"தெரியும்."

மூன்று பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினார்கள். "எப்படி இருப்பாக?"

அவள் டீயை ஆற்றினாள். "அதிகம் பேசாது அந்த மனுசன். மிக்ஸர் முன்னால உக்காந்துட்டா சோறு தண்ணி வேணாம். பக்கத்துல ஆள் இருந்தா மட்டும் போதும்."

"எங்க மேல கோவமா இருப்பாகளோ?" என்றான் செல்வின்.

"இல்ல தம்பி."

"பாத்தீகன்னா சொல்லுங்க. குரூப்ப விட்டுப் போக வேணாம்னு சொல்லுங்க. யாரையும் வெளிய அனுப்பல. பாட்டு எப்படி வேணா போகட்டும், அண்ணன் இருந்தாப் போதும்."

"சொல்றேன்," என்றாள் கிருபாவதி.

திரும்பிப் போகிற போடி பஸ், கோடாங்கிபட்டி தாண்டும்போது போன் அதிர்ந்தது. செல்வின்: "அண்ணே, ஒங்க நாற்காலியில ஒங்க ஊரு அக்கா ஒருத்தவகள உக்கார வச்சோம். ஒங்களப் பத்தி நல்லாச் சொன்னாக."

"அது நான்தான்" என்று எழுதினாள். அனுப்பாமல் வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, "சந்தோசம் தம்பி. சாப்பிட்டீங்களா?" என்று அனுப்பினாள்.

பஸ்ஸில் குளுகுளு குமுளி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கைத்தட்டுக்கு அடியில் அந்தப் பேஸ் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.