எலுமிச்சைக்குப் போட்ட கூடாரம்

அவ்வாத் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பசுமைக்குடிலுக்கான இரும்புக் குழாய்களைப் பந்தல்காரன் குலைஃபிடம் போய் வாங்கினார். அஜ்லூன் மலையில் டிசம்பர் பிறந்துவிட்டது. போன வருஷத்துப் பனி அவருடைய எலுமிச்சைக் கன்றுகள் ஆறையும் ஒரே வாரத்தில் கருக்கிப் போட்டிருந்தது. இந்த வருஷம் விடுவதில்லை என்று வைராக்கியம். வளைத்து நட்ட குழாய்களின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, உள்ளே புதுக் கன்றுகளை வைத்துவிட்டால் பனி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது திட்டம்.

குலைஃபின் லாரியைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. கல்யாணத்துக்கும் அதுதான் வரும், சாவுக்கும் அதுதான். கல்யாணம் என்றால் கலர் விளக்குச் சரங்கள் தொங்கும். விளக்கில்லாமல் வந்தால் துக்கம் கேட்க ஆண்கள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். அன்று விளக்கில்லை. குழாய்கள் அடியில் மாட்டியிருந்ததால் மேலே கிடந்த நாற்பது நாற்காலிகளையும் முற்றத்தில் இறக்கிவிட்டு, கொல்லையில் குழாய்களை நட்டுக் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலிகளை ஏற்றிக்கொள்கிறேன் என்று போனவன் போனவன்தான்.

அவ்வாதின் மனைவி வத்ஹாவுக்கும் இதில் பங்குண்டு, பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று நாளாகச் சளி. தொண்டை கட்டி ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கண்ணும் மூக்கும் சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தன. கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு குலைஃப் வருகிறானா என்று வாசலில் எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வத்ஹா இல்லை என்று தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள். அடக்கிவைக்காதே, அழுதுவிடு என்று அவளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள் அந்தப் புண்ணியவதி. பிறகு செய்ய வேண்டிய முதல் காரியமாக அவ்வாதின் அண்ணன் தைஃபல்லாவுக்குப் போன் போட்டாள்.

ஒரே ஊரில் இருந்தும் அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வாப்பா இறந்தபோது துக்கம் விசாரிக்க வருகிறவர்களின் கையைப் பிடிக்க வீட்டு ஆண்கள் வாசலில் வரிசையாக நிற்க, முதலிடத்தில் அவ்வாத் நின்றார். அப்போது வேலை பார்த்த தூரத்து அகபாவிலிருந்து தாமதமாக வந்த தைஃபல்லா, மூத்தவன் இடம் அது, நகரு என்றார். வாப்பாவைப் பத்து வருஷம் தூக்கிச் சுமந்தவன் நான், நகர மாட்டேன் என்றார் இவர். அவ்வளவுதான் சண்டை. அண்ணன் நினைப்பு அவ்வாதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பெருநாளன்றும் அண்ணன் வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போவார். அவன்தானே முதலில் வர வேண்டும் என்று திரும்பிவிடுவார்.

இப்போது அவர் குடிலுக்குள் மண்டியிட்டு, காற்று தூக்காதபடி தாளின் ஓரத்தை மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. குலைஃப் வந்துவிட்டான் என்று நினைத்தார். பிறகுதான் அந்த அழுகை கேட்டது. ஒன்பது வருஷமானாலும் குரல் தெரியாதா?

"அன்னைக்கு அவன் நின்னது சரிதான்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார் தைஃபல்லா. "வாப்பாவைக் குளிப்பாட்டினவன் அவன், சோறு ஊட்டினவன் அவன். நான் என்ன செஞ்சேன்? இதை அவன் இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கணும்."

அவ்வாத் உடனே வெளியே வந்திருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வருஷம் காத்திருந்த சொல்லாயிற்றே, இன்னும் கொஞ்சம் கேட்டால்தான் என்ன? கையில் மண்ணோடு அசையாமல் இருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியும் தம்பி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்றார் அண்ணன். அடித்த இரண்டு ஆடுகளும் நினைவுக்கு வந்து அவ்வாதுக்கே கூச்சமாகப் போயிற்று.

"ஒரே ஒரு குறை," என்றார் தைஃபல்லா. "பிடிவாதம். கழுதைகூட ரெண்டு அடி போட்டா நகரும்."

"யாருக்குப் பிடிவாதம்?" தாளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார் அவ்வாத்.

எதிர்வீட்டுக்காரியின் கையிலிருந்த காப்பிக் குடுவை கீழே விழுந்தது. தைஃபல்லாவின் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை.

"நீ சாகலையா?"

"இல்லண்ணே."

"அப்ப இந்தக் கூடாரம்?"

"எலுமிச்சைக்கு. பனி தாங்காது."

"எலுமிச்சைக்காடா என்னை ஊர் முன்னாடி அழ வெச்சே?"

தைஃபல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். இந்த அவமானத்தோடு போனால், தான் நிஜமாகவே செத்தாலும் அண்ணன் வர மாட்டான் என்று அவ்வாதுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேர் இறங்கி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வரிசையாக வந்தார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் எதிரே வரும்போது வீட்டு ஆள் வெளியேறிப் போவதாவது! தைஃபல்லாவின் கால்கள் தாமாகவே நின்றன. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

யாரும் சாகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் சிரிப்பார்கள், அண்ணன் போய்விடுவார். அவ்வாத் சொல்லவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அண்ணனுக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தது. அதைத் தாண்டி, அவரைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டாவதாக நின்றார். தைஃபல்லா திரும்பிப் பார்க்கவில்லை. அரை அடி நகர்ந்து இடம் கொடுத்தார்.

முதல் பெரியவர் தைஃபல்லாவின் கையைப் பிடித்து, அல்லாஹ் உங்களுக்கு மேலான நற்கூலி தரட்டும், அவ்வாதைப் போல ஒருவன் இனிப் பிறக்கப்போவதில்லை என்றார். பிறகு அடுத்த ஆளிடம் நகர்ந்து தலை நிமிர்ந்தார். வாய் திறந்தபடி நின்றது.

"கையை நீட்டுடா," என்று முழங்கையால் இடித்தார் அண்ணன்.

அவ்வாத் நீட்டினார். பெரியவர் அந்த மண் கையைப் பிடித்து, சூடு இருக்கிறதா என்று பார்ப்பவர்போல விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பின்னால் ஏழு பேர் நகர முடியாமல் காத்திருந்தார்கள்.