ஒரு கரண்டி கிச்சாப்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள சந்தில் முகம்மது சுல்தான் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். மதியம் ஆனால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுகிற மனிதர், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீட்டு அடுப்பைப் பற்றவைத்ததில்லை. வீட்டுச் சமையல் ரொஸ்னாவுடையது. அவள் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே அதையும் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை ஆபீஸ் படியில் பாதி ஏறியபோது ரொஸ்னாவுக்கு மூச்சு வரவில்லை. கூட வேலை செய்பவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் பலவீனமாகியிருக்கிறது, அதனால்தான் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது, பிரஷரும் சர்க்கரையும் கூடியிருக்கின்றன என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் உப்பையும் சீனியையும் நன்றாகக் குறைக்க வேண்டும், கொஞ்ச நாளைக்கு நின்று வேலை செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"சமையல நான் பாத்துக்கறேன்," என்றார் சுல்தான்.

"நீங்களா? உங்களுக்குச் சின்னச் சட்டி எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

தெரியவில்லை. ஆனாலும் காலையும் சாயங்காலமும் கடையைத் தம்பி சாஹிதிடம் விட்டுவிட்டு, வீட்டு அடுப்பின் முன் நின்றார். உப்பு ஜாடியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், ரொஸ்னாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார். முதல் இரண்டு நாள் சமைத்ததை அவள் கொறித்துவிட்டுத் தள்ளிவைத்தாள். மூன்றாம் நாளிலிருந்து தட்டு காலியானது. ஊரே வரிசையில் நின்று சாப்பிடுகிற கைக்குப் பெண்டாட்டி தட்டைக் காலி செய்தது பெரிய மரியாதையாக இருந்தது.

ஆனால் ரொஸ்னா தேறவில்லை. காலையில் பாதம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு தலையணை வைத்துக்கொண்டாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, அசதி," என்றாள்.

பத்து காவான் என்ற ஊரில் குடியிருக்கும் மகள் ஐனா ஒரு மத்தியானம் கடைக்குப் போன் செய்தாள். அவள் குரல் சரியில்லை.

"அத்தா, அம்மா நேத்து என்னைக் கூப்பிட்டு வளையல் எல்லாத்தையும் கையில குடுத்துட்டாங்க. உங்க பிரஷர் மருந்து எங்க இருக்கு, உங்க சட்டைய யார்கிட்ட தைக்கக் குடுக்கணும்னெல்லாம் சொல்றாங்க. அத்தாகிட்ட சொல்லாதேன்னாங்க. எனக்குப் பயமா இருக்குத்தா."

சுல்தான் கரண்டியைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் ஒருவர் "அண்ணே, குவா பஞ்சிர்" என்று குழம்பு நிறைய ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் காதில் விழவில்லை.

மறுநாளே ரொஸ்னாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் சந்திரிகா அவள் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"வீக்கம் கூடியிருக்கு. எடையும் ஏறியிருக்கு, சர்க்கரையும் இறங்கல. மருந்த ஒழுங்கா சாப்பிடுறீங்களாக்கா?"

"ஒரு வேளைகூட விடல டாக்டர்."

"சாப்பாடு?"

"வீட்டுச் சாப்பாடுதான். இவரே ஆக்கிப் போடுறார். உப்பே சேர்க்கறதில்ல."

டாக்டர் திரையில் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தார். "அப்படின்னா ஹார்ட்ட இன்னொரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம்."

ரொஸ்னா தலையை மட்டும் ஆட்டினாள். எதிர்பார்த்ததைக் கேட்டவள் போல இருந்தது அவள் முகம். சுல்தானால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"டாக்டர், அல்லா மேல சத்தியமா ஒரு சிட்டிகை உப்பு போடல. நேத்து வச்ச கோழியில கூட."

"எப்படி வச்சீங்கண்ணே? சொல்லுங்க."

சமையலைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இஞ்சி பூண்டு அரைச்சு நல்லா வதக்கி, சிராய்ப் புல் ஒரு தண்டு தட்டிப் போட்டு, கோழிய போட்டுப் பொரட்டி, அதுல ஒரு கரண்டி கிச்சாப் ஊத்தி..."

டாக்டரின் விரல் விசைப்பலகை மேல் நின்றது. "என்ன கிச்சாப்?"

"சோயா கிச்சாப்தான். கிச்சாப் மானிஸ் ஒரு கரண்டி, கிச்சாப் மாசின் ஒரு கரண்டி. உப்பு இல்லாத குறை தெரியக்கூடாதுல்ல."

"கரண்டின்னா எவ்ளோ பெருசு?"

சுல்தான் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். அது கடைக் கரண்டி. ரொஸ்னா அந்தக் கையையே பார்த்தாள்.

"சூப் வச்சா அதுக்கு?" என்றார் டாக்டர்.

"அதுக்குக் கிச்சாப் ஊத்த மாட்டேன். காய்ஞ்ச நெத்திலிய பொடி பண்ணிப் போட்டு, ருசிக்குக் கடையில விக்கிற ஸ்டாக் கட்டி ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "அண்ணே, மானிஸ்னா தமிழ்ல என்ன?"

"இனிப்பு."

"மாசின்னா?"

"உப்..." என்றார் சுல்தான். வாய் திறந்தபடியே இருந்தது.

ரொஸ்னா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி அவர் எழுந்தார். கையை எடுத்தபோது கண்ணில் நீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் ஹார்ட் ஓய்ஞ்சு போகலயா டாக்டர்?"

"இவ்ளோ உப்பு சாப்பிட்டா எந்த ஹார்ட்டும் திணறத்தான் செய்யும்க்கா. தண்ணி இறங்க கொஞ்ச நாளைக்கு மருந்து கூட்டித் தரேன். கிச்சாப், ஸ்டாக் கட்டி, நெத்திலி எல்லாமே உப்புதான், நிறுத்துங்க. அதுக்கப்புறமும் வீக்கம் இருந்தா ஸ்கேன் பண்ணலாம்."

காரில் ஏறிய பிறகு சுல்தான் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் உன்னைக் கொல்லப் பாத்தேன், புள்ள."

"அப்படிச் சொல்லாதீங்க. எவ்ளோ பாத்துப் பாத்து ஆக்கிப் போட்டாலும் உடம்பு கேக்கலயே, முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். ராத்திரி உங்க மூஞ்சியப் பாத்துட்டே படுத்திருப்பேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வெறும் கிச்சாப்புதான்னு தெரிஞ்சதும் எனக்கு எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"அந்த வளையல ஐனாகிட்டேருந்து திருப்பி வாங்கு, முதல்ல."

அன்று சாயங்காலம் சமைக்கும்போதுதான் அவருக்குச் சிரமம் புரிந்தது. கடையில் குழம்பு சப்பென்று இருந்தால் உப்பு போடுவார்கள், அல்லது கிச்சாப் ஊற்றுவார்கள். இப்போது கை தானாகப் போகிறது, போன இடத்தில் ஒன்றுமில்லை. ரொஸ்னா அடுக்களையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ருசி பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"வெந்நிய மென்னு தின்ன மாதிரி இருக்கு."

அவர் கோபப்படவில்லை. மறுநாள் விடிந்ததும் பாசாருக்குப் போய்க் கண் பளபளவென்றிருந்த கெம்போங் மீனும், புங்கா கந்தான் என்கிற காட்டு இஞ்சிப்பூ மொட்டும், ஒரு கைப்பிடி கஸ்தூரி எலுமிச்சையும் வாங்கி வந்தார். மல்லியை வழக்கத்தைவிடச் சிவக்க வறுத்தார். சின்ன வெங்காயத்தைத் தோலோடு நெருப்பில் சுட்டு, உரித்து அரைத்தார். புளிப்பு தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பைத் தேடுவதில்லை என்று தெரிந்துகொண்டார். மொட்டை நறுக்கிக் குழம்பில் போட்டதும் வீடு முழுக்க வாசம் பரவியது. ரொஸ்னா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினாள். அவர் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. கீரை கசந்தது, பருப்பில் ஏதோ குறைந்தது. சீனியில்லாத தேத்தண்ணீரைக் குடிக்கும்போது அவள் முகம் மருந்து குடிப்பவள் போலக் கோணியது. பட்டை ஒரு துண்டு போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார், அப்போதும் கோணியது. ஆனால் மாதம் திரும்புவதற்குள் வேறொன்று நடந்தது. ஒரு மத்தியானம் கடையில் குழம்பை ருசி பார்த்த சுல்தானுக்கு நாக்கு சுருக்கென்றது. "என்னடா சாஹித், உப்பக் கொட்டிட்டியா?" என்றார். தம்பி அவரை விநோதமாகப் பார்த்தான். "எப்பவும் போடற அளவுதாண்ணே," என்றான்.

அடுத்த முறை டாக்டர் சந்திரிகா பாதத்தை அழுத்தியபோது குழி விழவில்லை. பிரஷர் இறங்கியிருந்தது, சர்க்கரையும். "ஸ்கேன் இப்ப வேணாம். கூட்டின மருந்தையும் பழையபடி குறைச்சுக்கலாம்," என்றார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ரொஸ்னா. வெளியே வந்ததும் சுல்தான் கிளினிக் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுந்திருக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐனாவும் மருமகனும் சாப்பிட வருவதாக இருந்தது. சுல்தான் மீனை வெட்டிக்கொண்டிருந்தபோது ரொஸ்னா அடுக்களைக்குள் வந்தாள்.

"இது என்னங்க, யானைக்கா வெட்டுறீங்க? நகருங்க."

"டாக்டர் நிக்கக் கூடாதுன்னு..."

"கொஞ்ச நேரம் நிக்கலாம்னுதான் போனவாட்டி சொன்னாங்களே. கத்திய இங்க குடுங்க. வெங்காயத் தோல எல்லாம் தரையில போட்டு வச்சிருக்கீங்க, இத யாரு கூட்டறது?"

கத்தியைக் கொடுத்துவிட்டு அவர் கூடத்தில் போய் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து சட்டி நகரும் சத்தமும் அவள் குரலும் வந்துகொண்டே இருந்தன. எண்ணெய்ப் போத்தலை மூடவில்லையாம், துணியை அடுப்புப் பக்கத்தில் போட்டாராம், கடைக்காரப் புத்தி போகாதாம். சுல்தான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.