எண்பத்தெட்டு

கணினி அந்த வானத்துச் சின்னப் புள்ளியின் எடையைக் காட்டியபோது அவள் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய்தான் சாப்பிட்டிருந்தாள். எண்பத்தெட்டு. கணக்கை மறுபடி ஓட்டினாள். எண்பத்தெட்டேதான்.

மிகப் பழைய காலத்து வான்பொருளில், வியாழன் கோளைப் போல எண்பத்தைந்து மடங்கு எடை இருந்தால் உள்ளே தீ பற்றிக்கொள்ளும், அது நட்சத்திரம். அதற்குக் குறைந்தால் பற்றாது, பிறந்தபோது இருந்த சூடும் ஆறிக்கொண்டே போகும். அதற்குப் பழுப்புக் குள்ளன் என்று பெயர். ஆயிரம் கோடி வருடப் பழமையான இரண்டு மங்கல் புள்ளிகள் ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டுபிடித்தவள் அவள். நிறத்தை வைத்து, சின்னது பழுப்புக் குள்ளன் என்று எழுதியவளும் அவளே. சரியான எடை தெரிய ஒரு முழுச் சுற்று முடிய வேண்டும். அதற்கு ஒன்பது வருடம் ஆயிற்று. அதற்குள் அவளுடைய தற்காலிக வேலையை மூன்று முறை நீட்டித்துவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கு நேர்காணல். விண்ணப்பத்தின் முதல் வரியே அந்தக் குள்ளன்தான்.

தையல் கடையிலிருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். மிஷின் ஓடுவது நின்றது.

"ஆயிரம் கோடி வருஷம் இருந்தது, இன்னும் நாலு நாள் இருக்காதாடி? திங்கக்கிழமை போயிட்டு வந்து சொல்லேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. தெரியாமல் சொன்னது வேறு, தெரிந்துகொண்டு அந்த நாற்காலியில் போய் உட்காருவது வேறு.

அக்காவும் அவளும் முட்டுக்கட்டை என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஒருவர் இருந்தார். வேறொரு ஊரில் அதே வேலை பார்ப்பவர். அது நட்சத்திரம் என்று ஆரம்பத்திலிருந்தே அடம்பிடித்தவர். ஒரு கருத்தரங்கில், "கொஞ்சம் பொறுங்க மேடம், அது எரியும்" என்று அவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது. இப்போது அவரைத்தான் கூப்பிட்டாள். அளவுகளை எல்லாம் அனுப்புவதாகவும், சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள்.

அவர் திருப்பிக் கேட்டார், "நான் பாத்தா எனக்குச் சாதகமாத்தானே பாப்பேன்?"

"நீங்க அப்படிப் பாக்கமாட்டீங்க, சார்."

மூன்று மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். முதல் வருடத்து அளவுகளில் ஒரு சின்னப் பிசகு இருந்ததாம், அதைத் திருத்தினால் எண்பத்தேழரை வருகிறதாம். எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது எரியத்தான் செய்கிறது என்றார். ஜெயித்தவர் குரலாக அது இல்லை.

"நானா இருந்தா திங்கக்கிழமை வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்" என்றார்.

தேர்வுக் குழுவுக்கு ஏற்கெனவே கடிதம் அனுப்பிவிட்டதாக அவள் சொன்னாள். என்ன பதில் வந்தது என்று கேட்டார். இன்னும் வரவில்லை.

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம், அவள் முன்னாலிருந்த திரையில், பெரிய புள்ளியின் ஓரத்தில் சின்னது ஒட்டிக்கொண்டிருந்தது, செக்கச் சிவப்பாக.