ஒப்பிட வைத்த ஆறு கோழிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், கரியமாணிக்கம் கிராமத்தில் சுலோசனா வளர்த்த இருநூறு கோழிகளும் மூக்கொழுகித் தும்மின. கிருமி கொடியதென்றால் அத்தனையையும் கொன்று புதைக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் கால்நடை ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த கிரேஸ் மேரி.

நோயில்லாத பன்னிரண்டு கோழிகளை வாங்கி, ஆறின் மூக்கில், சுலோசனாவின் கோழிகளிடமிருந்து எடுத்த கிருமியைச் சொட்டு விட்டாள். மற்ற ஆறையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனிக் கூண்டில் வைத்தாள். பத்தாம் நாள் காலை, கிருமி ஏறிய ஆறும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத் தீனி கேட்டன. தனிக் கூண்டு காலியாக இருந்தது.

"சார், இந்த ஆறு கோழி எங்க?"

ஆய்வகத் தலைவர் டாக்டர் தெய்வசிகாமணி பல் குத்திக்கொண்டிருந்தார். "நேத்து நம்ம டிபார்ட்மென்ட் டைரக்டர் வந்தாருல்ல? அவருக்குப் போயி சீக்குக் கோழியையா அறுக்கறது? இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு!"

"ரிப்போர்ட்ல இன்னா சார் எழுதறது?"

"நடந்தத எழுது. சயின்ஸ்ல பொய் கூடாது."

எதிர்த்துப் பேசிப் பழகாத கிரேஸ் மேரி அப்படியே எழுதினாள். கிருமி ஏற்றிய கோழிகள் ஆறு, இறப்பு இல்லை. ஏற்றாதவை ஆறு, ஆறும் இறப்பு. காரணம், டைரக்டர் வருகை. முடிவு: கிருமி லேசானது, கோழிகளைக் கொல்லத் தேவையில்லை.

டாக்டர் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இருநூறும் பிழைத்த மகிழ்ச்சியில் சுலோசனா, அதில் கொழுத்த நாலைப் பிடித்து டாக்டருக்குக் கொண்டுவந்தாள்.