ஓட்டைக்கை

பீங்கான் கடைக்காரனுக்குக் கையில் எதுவும் நிற்காத பெண்டாட்டி வாய்த்தால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்? ஊர் சிரிப்பதற்கு முன்னால் இவன் முந்திக்கொண்டான், அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒன்றையும் உடைத்ததில்லை. தட்டுகளைத் துடைத்து அலமாரியில் அடுக்குகிற நேர்த்தியைப் பார்த்து இவனே வாயைப் பிளந்திருக்கிறான். அப்புறம்தான் தொடங்கியது. ஒருநாள் சூப் கிண்ணம் ஒன்று நழுவியது. மறுவாரம் பூப்போட்ட கெண்டி ஒன்று. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. திடீரென்று மறுபடியும் கோப்பை கோப்பையாக விழுந்தது. "கையில என்ன ஓட்டையா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் ஓட்டைக்கை. அதற்குப் பிறகு அவளைப் பீங்கான் பக்கம் விடவில்லை. "எவர்சில்வர் பக்கம் போ ராணி, அது விழுந்தாலும் நெளியும், உடையாது" என்று தள்ளிவிட்டான். அதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தப் பெயருக்கு முத்திரை குத்தியது தங்கை குழந்தை விவகாரம். இவனுடைய தங்கை முதல் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணியின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் குழந்தை நழுவிவிட்டது. நல்லவேளை, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், மெத்தையில் விழுந்தது. ஒரு கீறல் இல்லை. வீரிட்டு அழுதது, அவ்வளவுதான். தங்கை பாய்ந்து வந்து அள்ளிக்கொண்டு, "ஓட்டைக்கைகிட்ட யாரு கொடுத்தது? ஐயோ, நான்தானே!" என்றாள். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் வீடே சிரித்தது. அதிலும் இவன் சிரிப்புதான் சத்தமாக இருந்தது.

உறவுக்காரர்கள் எங்கே கூடினாலும் இவன் அந்தக் காட்சியை நடித்துக் காட்டுவான். ஒரு தலையணையைத் தூக்கிக்கொள்வான், அவளைப் போலவே கொஞ்சுவான், பொத்தென்று போடுவான். தங்கை அலறியதை அலறிக் காட்டுவான். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவள் சமையலறையில் இருப்பாள். அதற்கப்புறம் யார் குழந்தையை நீட்டினாலும், "வேணாங்க, எனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு, ஒட்டிக்கும்" என்று விலகிவிடுவாள். இவளுக்கு மட்டும் எப்போதும் ஜலதோஷமா என்று யாரும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில், "ஏங்க, இடது கண்ணுல பனி மூடின மாதிரி இருக்கு. கண்ணைத் திருப்பினா வலிக்குது" என்றாள். தூசி விழுந்திருக்கும் என்றான். மறுநாள் அவள் இடது காலை இழுத்து இழுத்து நடந்தபோதுதான் இவன் கடையைப் பூட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினான். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் அறை வாசலில் அவள் தோடு, வளையல், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி இவன் உள்ளங்கையில் போட்டாள். "பத்திரம். உங்க கைதான் ஓட்டை இல்லாத கை" என்றாள். இவன் விரல்களை இறுக மூடிக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தட்டுவதும் இடிப்பதுமாக வெகுநேரம் ஓடியது. நடுவில் நின்றது. ஸ்கேன் எடுக்கிற பெண் ஊசியோடு உள்ளே போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். "சாய மருந்துங்க, புதுசா புண் இருந்தா இதுல பளிச்னு தெரியும்" என்று வெளியே வந்து சொன்னாள். மறுபடியும் இடிக்கத் தொடங்கியது.

டாக்டர் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். கடைக்காரனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ குறுக்கே அரிந்த காய் மாதிரி இருந்தது.

"கரண்டு கம்பிக்கு மேல உறை இருக்கும் இல்லையா? நரம்புக்கும் அந்த மாதிரி ஒரு உறை உண்டு. உடம்போட எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம அந்த உறையை அரிச்சிடுது. அரிச்ச இடமெல்லாம் இங்க வெள்ளையா தெரியுது" என்றார் டாக்டர். வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. "கண்ணுக்குப் போற நரம்புலயும் காலுக்குப் போற வழியிலயும் இருக்கு பாருங்க, இது ரெண்டும் சாயத்தைக் குடிச்சு மின்னுது. அப்படின்னா புதுசு. மத்ததெல்லாம் மின்னல. பழசு."

வேறொரு படத்தைத் தட்டினார். அதில் சில புள்ளிகள் கறுப்பாக இருந்தன.

"இது என்னங்க டாக்டர், ஓட்டை மாதிரி?"

"ஓட்டைன்னே சொல்லலாம். ரொம்ப நாள் அரிச்சு, உள்ள இருக்கிற நரம்பும் போன இடம். கழுத்துலயும் ஒரு பழைய தழும்பு இருக்கு. கைக்குப் போற வழி அது." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பழசுன்னு படம் சொல்லும்மா, எப்ப வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும். முன்னாடி எப்பவாவது கை மரத்துப்போச்சா? பொருள் நழுவுச்சா?"

சூப் கிண்ணம், கெண்டி, கோப்பை எல்லாம் வரிசையாக வந்து கடைக்காரன் காதில் உடைந்தன.

அவள் மெதுவாகச் சொன்னாள். "இவர் தங்கச்சி குழந்தையை வாங்கினேன் டாக்டர். அதோட தலை என் கையில இருக்கிறது கண்ணுக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. இந்தக் கையே என்னோடது இல்லாத மாதிரி இருந்துச்சு. யாராவது வாங்கிக்கங்கன்னு சொல்றதுக்குள்ள நழுவிடுச்சு. நாலஞ்சு வாரம் அப்படியே இருந்து தானா சரியாப் போச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சாக்கு சொல்றேன்னு நினைப்பாங்கன்னு சொல்லல."

எத்தனை தடவை தலையணையைத் தூக்கி ஆடியிருப்பான்! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "அப்பவே பாத்திருந்தா டாக்டர்?" என்று கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

டாக்டர் திரையை அணைத்தார். "அப்பவே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். சரி, போனது போகட்டும். இருக்கிற ஓட்டையை அடைக்க மருந்து இல்லை. புதுசா விழாம பாத்துக்க மருந்து இருக்கு."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான். அவள்தான் அவன் முழங்கையைத் தட்டினாள்.

"அழாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க. நமக்குக் குழந்தை அப்புறம் பாத்துக்கலாம்னு நான் தள்ளிக்கிட்டே வந்தது எதுக்குன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒரே ஒரு ஆசை. உங்க தங்கச்சிக்கு ரெண்டாவது பொறந்திருக்கே, அதை ஒரு தடவை நான் கையில வச்சுக்கணும். கை இப்ப நல்லா இருக்கு. மறுபடி மரத்துப்போறது எப்ப வருமோ. வந்தா இதுவும் இருக்காது."

"நான் பாத்துக்கறேன். நீ வச்சுக்குவ."

தங்கைக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து, கண்ணுக்கும் காலுக்குமான ஊசி மருந்து ஏறி முடிந்து இவர்கள் வீடு திரும்பிய வாரமே, புருஷனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க அண்ணி" என்று கட்டிக்கொண்டாள். "போடி பைத்தியம், குழந்தையைக் கொடு" என்றாள் அவள். முகம் அப்படி மலர்ந்து கடைக்காரன் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். தங்கை குழந்தையை வைத்தாள். வைத்தவள் அதன் தலைக்கு அடியிலிருந்து தன் கையை எடுக்கவில்லை. தங்கையின் புருஷன் குனிந்து, குழந்தையின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டான். கடைக்காரன் பக்கத்தில் மண்டியிட்டு மனைவியின் முழங்கையைத் தாங்கினான்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு அதைச் சுற்றி இருந்த கைகளைப் பார்த்தாள்.

"இப்ப குழந்தையை வச்சிருக்கிறது யாரு?"

தங்கையின் புருஷன் மட்டும் தன் உள்ளங்கையை ஒருமுறை சரிசெய்துகொண்டான்.

"கையை எடுங்களேன் எல்லாரும்."

தங்கை அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் எடுத்தால் அவளும் எடுப்பாள். ஒரு வார்த்தை போதும், "எடு" என்று. சத்தியமாக அவன் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் கண்ணுக்குள் அந்தக் கறுப்பு ஓட்டைகள் வந்து நின்றன. முழங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான்.

அந்த அழுத்தம் அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மட்டும் அவள் கை மரத்துப்போகவில்லை.

குனிந்து குழந்தையின் நெற்றியருகே மூக்கைக் கொண்டுபோனாள், தொடாமலே நிமிர்ந்தாள்.

"எடுத்துக்கம்மா" என்றாள் நாத்தனாரிடம். "எனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு."