வயோமிங்குக்கு முந்திய மலை

நூற்றெழுபதாவது படியில் விக்னராஜா நின்றார். பின்னால் வந்த சிவனேஸ்வரியும் நின்றாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. வார் இறுக்குது."

தோள்வாரைத் தளர்த்திவிட்டு அவர் மறுபடி ஏறினார். முதுகுப்பைக்குள் பத்துக் கிலோ அரிசிப் பைகள் இரண்டு இருந்தன. படிகள் ஈரமாகக் கிடந்தன. இரண்டு பக்கமும் மரம்போல உயர்ந்த பன்னச்செடிகள் பனியைச் சொட்டிக்கொண்டிருந்தன. காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் "எக்ஸ்கியூஸ் மீ" என்று அவர்களைத் தாண்டி ஓடினார்கள். ஜூலை மாதச் சனிக்கிழமை, இந்த நாட்டில் நடுக்குளிர்காலம், காலை ஏழரை மணி.

புறநகர் ரோவிலில் இருந்த வீட்டில் இருந்து கால்மணி நேரக் கார் ஓட்டம்தான் இந்த ஆயிரம் படிகள். நாலு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் தனியாகத்தான் வந்துபோனார். இன்றைக்குத்தான் சிவனேஸ்வரி தானும் வருவதாகச் சொல்லிச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு காரில் ஏறியிருந்தாள்.

"நீர் ஏன் இந்தக் குளிருக்குள்ள?" என்று கேட்டார்.

"எனக்கும் நடை வேணுமெண்டு டொக்டர் சொன்னவர்."

டொக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அவரை விட்டுவிட்டு வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது.

பயம் என்றால் அவளுக்குப் புதிது இல்லை. அவர் மரைமான் வேட்டைக்கு மலைக்காட்டுக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள்தான் பழக்கினார்கள். கராஜில் இரும்பு அலுமாரி வந்தது, அதற்குள் மூன்று துவக்குகள் வந்தன. அந்த அலுமாரி திறந்திருக்கும்போது சிவனேஸ்வரி கராஜுக்குள் கால் வைக்கமாட்டாள். பதினாலு வயதில் பதுங்குகுழிக்குள் இருந்து கேட்ட சத்தம் அவளுடைய உடம்பை விட்டுப் போகவில்லை. அவர் மட்டும் எப்படி அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆசையோடு துவக்கு துடைக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியதே இல்லை.

பிறகு தொழிற்சாலை மூடியது. இருபத்தாறு வருடம் கார் உதிரிப்பாகம் செய்த மனுசன் கதிரையில் அமர்ந்து யன்னலைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு வருடம் பார்த்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். வேட்டைக்கும் போகவில்லை. சிவனேஸ்வரிக்கு அந்தக் கதிரைதான் துவக்கைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அந்தக் கதிரையில் இருந்து அவரை எழுப்பியது எல்க். அமெரிக்காவின் வயோமிங் மலைகளில் திரிகிற மான். "எங்கட மரைக்கு அண்ணன் முறை, இஞ்சரும். எண்ணூறு றாத்தல் வரும்," என்றார் ஒரு நாள், கண்ணில் வெளிச்சத்தோடு. வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு அங்கே குலுக்கலில்தான் அனுமதி விழும், அவருக்கு விழுந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை முழுவதும் வரைபடங்கள். துவக்கை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகிற பத்திரம், திரும்பிவருகிறபோது இங்கே காட்டுகிற பத்திரம், கொம்பைக் கொண்டுவருவதென்றால் மண்டையோட்டை அவித்துச் சதை ஒரு துளி இல்லாமல் எடுக்கவேண்டும் என்ற விதி, எல்லாம் அவருக்கு மனப்பாடம். வாய்க்குள் ஒரு றப்பர்த் துண்டை வைத்து ஆண் எல்க் மாதிரிக் கூவப் பழகினார். முதல் நாள் அந்தச் சத்தம் கராஜில் இருந்து வந்தபோது அவள் கையில் இருந்த கோப்பையைப் போட்டு உடைத்தாள்.

"கொம்பில ஒரு பக்கத்துக்கு ஆறு கிளை இருக்கவேணும். அதுக்குக் குறைஞ்சால் சுடமாட்டன்."

"ஆறோ ஏழோ, சாமியறைக்கு முன்னால கொழுவ விடமாட்டன்."

"சரி, கராஜுக்குள்ள."

வருடக்கணக்கில் அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் அவர் தூங்கியபிறகு அவள் தன் கைபேசியில் கரடிகளைப் பார்த்தாள். குதிரையில் இருந்து விழுகிறவர்களைப் பார்த்தாள். பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு எப்படித் திணறும் என்று வாசித்தாள். தொலைபேசி எடுபடாத ஒரு பள்ளத்தாக்கில் அவர் குப்புறக் கிடப்பதைக் கண்ணை மூடினாலும் கண்டாள், திறந்தாலும் கண்டாள்.

மூன்று கிழமைக்கு முன்னர் வயோமிங் வழிகாட்டி ஒரு படிவம் அனுப்பினார். டெரில் என்று பெயர். முப்பது வருடமாக மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர். விக்னராஜாவுக்குத் தட்டச்சு வராது, அவள்தான் எழுதுவாள். எட்டாவது கேள்வி: கடந்த ஒரு வருடத்தில் நெஞ்சுவலி வந்ததா? அதற்கு முதல் செவ்வாய்க்கிழமைதான் அவர் குளியலறைத் தொட்டியின் விளிம்பில் வியர்த்துப்போய் இருந்ததை அவள் கண்டிருந்தாள். "வாயு. மகனுக்குச் சொல்லிப்போடாதையும்," என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். எட்டாவது கேள்விக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வரைபடத்தைப் பார்த்தார். ஓம் என்றால் அந்தக் கதிரை மறுபடி வந்துவிடும். அவள் "நோ" என்று அடித்தாள்.

முந்நூற்றுப் பத்தாவது படியில் அவர் மறுபடி நின்றார். இந்த முறை வாரைத் தொடவில்லை. இடது கையைத் தூக்கிப் பக்கத்துக் கைப்பிடியைத் தேடினார். கை கம்பிக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

"இஞ்சருங்கோ."

அவர் திரும்பவில்லை. முழங்கால் மடங்கியது. பையின் பாரம் அவரைப் பின்பக்கமாக இழுத்தது. சிவனேஸ்வரி தன் இரண்டு கைகளையும் அந்தப் பையில் முட்டுக்கொடுத்துத் தாங்கினாள். அரிசியும் மனுசனுமாக அவளோடு சேர்ந்து நாலு படி வழுகி இறங்கி நின்றார்கள்.

பிறகு நடந்ததில் பாதிதான் அவளுக்கு ஞாபகம். முன்னே ஓடிய பெண்களில் ஒருத்தி திரும்பி ஓடிவந்தாள், தாதியாம். யாரோ வாரை வெட்டினார்கள். அந்தப் பெண் படியில் முழங்காலிட்டு அவருடைய நெஞ்சை எண்ணி எண்ணி அமத்தினாள். அடிவாரத்தில் இருந்து மின்னதிர்ச்சி கொடுக்கிற பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு ஏறினார். அதற்குள் இருந்து ஒரு குரல், யாரும் நோயாளியைத் தொடவேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. அவள் கையை எடுத்தாள். அதற்குப் பிறகு அவரைத் தொட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார், காதுமடல் குளிர்ந்திருந்தது.

சின்ன அறை ஒன்றுக்குள் கூட்டிப்போய் இருத்தி, உயிர் போய்விட்டதென்று டொக்டர் சொன்னார். நிதுஷன் அதற்குப் பத்து நிமிடம் முன்னர்தான் நகரத்தில் இருந்து வந்து சேர்ந்திருந்தான். ஒரே மகன், இருபத்தைந்து வயது. ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, "அப்பா ஓகேயா?" என்று கேட்பான். மூன்று கிழமையும் அவள் ஓம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

திடீர் மரணம் என்பதால் ஒரு பொலிஸ்காரி வந்தாள். மரண விசாரணை அதிகாரிக்கு எழுதவேண்டுமாம். மென்மையாகத்தான் பேசினாள். வயது, மருந்து, கடைசியாகச் சாப்பிட்டது. பிறகு கேட்டாள், இதற்கு முன் நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்ததா?

நிதுஷன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அவனுடைய உள்ளங்கை சூடாக இருந்தது. அந்தச் சூடு விலகிவிடும் என்று பயந்து அவள் அவனுடைய விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"நோ," என்றாள்.

பொலிஸ்காரி அதை எழுதினாள்.

அன்று பின்னேரம் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து துவக்குகளை எடுத்துப்போனார்கள். உரிமக்காரர் இறந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது. இரும்புக் கதவு திறபடுகிற சத்தம் கேட்டபோது அவள் குசினிச் சுவரோடு ஒட்டி நின்றாள். விக்னராஜாவின் தம்பி அருந்தவன் கையெழுத்துப் போட்டார். உடலை எப்போது தருவார்கள் என்று தெரியாது, வெட்டிப் பார்ப்பார்கள் என்று அவர் மெதுவாகச் சொன்னார். வெட்டினால் பழைய வலியெல்லாம் தெரியுமா என்று கேட்பதற்குப் பதிலாக அவள் அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தாள். இரவெல்லாம் சனம் வந்துபோனது. வந்த ஒவ்வொருவரும், "ஒரு வருத்தமும் இல்லாத மனுசன்," என்றார்கள். அவள் தலையாட்டினாள். தலையாட்டிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய் ஒரு சுற்றுப் பருத்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில், வரைபடங்களுக்கு நடுவில், மடிக்கணினி ஒலித்தது. வீட்டில் அவளும் மகனும் மட்டும்தான்.

"டெரிலாம். நான் கட் பண்ணுறன்," என்றான் நிதுஷன்.

"வேண்டாம். எடு. அந்த மனுசனுக்குச் சொல்லத்தானே வேணும்."

திரையில் நரைத்த மீசையும் தொப்பியுமாக ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் வெயில். "ஹேய் விக்!" என்று தொடங்கியவர், முகங்களைப் பார்த்து நிறுத்தினார். நிதுஷன் சொன்னான். டெரில் தொப்பியைக் கழற்றினார்.

"எங்கே நடந்தது?" என்று கேட்டார்.

"மலைப் படியில். இந்தப் பயணத்துக்குப் பயிற்சி செய்யும்போது."

அந்த ஆள் கண்ணை மூடித் திறந்தார். "நான் ஏறவேண்டாமென்று சொன்னேன்," என்றார். "இரண்டு தடவை சொன்னேன். பத்து நாளைக்கு முன்னம் விக் என்னை அழைத்தார். படிவத்தில் ஒரு பதில் பிழை, நெஞ்சில் வலி வந்தது உண்மை என்றார். டொக்டருடைய கடிதம் இல்லாமல் உம்மைக் குதிரையில் ஏற்றமாட்டேன் என்றேன். இப்போது வரப்போகிற செவ்வாய்க்கிழமைக்கு இதய டொக்டரிடம் நேரம் எடுத்திருப்பதாகச் சொன்னார். அதுவரை பாரம் தூக்கவேண்டாம் என்றேன்."

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சிவனேஸ்வரியைப் பார்த்தார்.

"மேடம், அவர் உங்களைக் குறை சொல்லவில்லை. என் மனைவி எனக்காகப் பயந்து அப்படி எழுதிவிட்டாள், அவள் எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்றார்."

அவளுக்கு அந்த வசனத்துக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நிதுஷன் நன்றி சொன்னதும் திரை கறுத்ததும் தெரிந்தது. அவன் மூடியைச் சாத்தினான். கையை மூடியிலிருந்து எடுக்கவில்லை.

"அம்மா. டிட் யூ நோ?"

பதுங்குகுழிக்குள் இருந்தபோது சத்தத்துக்கும் அதிர்வுக்கும் இடையில் ஒரு நொடி வரும். அந்த நொடியில் மூச்சு விடமுடியாது.

"ஓம்," என்றாள். "பாத்ரூமுக்குள்ள வேர்த்துப்போய் இருந்தவர். நான் கண்டனான்."

"பொலிஸ் கேட்கேக்க?"

"இல்லையெண்டனான்."

"என்னட்டயும் ஓகே எண்டு சொன்னீங்கள். எவ்ரி வீக்."

"ஓம்."

"வை?"

"பயம், அப்பன்."

"ஆருக்குப் பயம்? அப்பாவுக்கா?"

"முதல்ல அவர் திரும்பவும் அந்தக் கதிரையில போய் இருந்திடுவாரெண்டு. நேற்று..." அவள் அவனைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். "நேற்று உனக்குத்தான் பயம். நீ கைய விட்டிடுவாயெண்டு."

நிதுஷன் எழுந்தான். கதிரை தரையில் உரசிப் பின்னால் போனது. அவன் வாசல் பக்கம் திரும்பினான் என்று நினைத்தாள். கார்த் திறப்புக்கொத்தின் கிலுக்கத்துக்குக் காத்திருந்தாள். கேட்கவில்லை. குசினிக்குள் குளிர்பெட்டி திறந்து மூடுவது கேட்டது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அவன் அழுகிறானா, நிற்கிறானா, தெரியவில்லை. அவள் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

தீப்பற்றவைக்கிற டிக் டிக் என்ற ஒலி வந்தது. பால் காய்கிற மணம் வந்தது. செத்த வீட்டில் காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அருந்தவன் வீட்டில் இருந்து சாப்பாடு வந்துகொண்டிருக்கும். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அவன் இரண்டு கோப்பைகளோடு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. ஒன்றை அவளுக்கு முன்னால், வரைபடத்தின் மேலேயே வைத்தான். தேத்தண்ணி வெளிறிப்போய் இருந்தது, மேலே பாலாடை மிதந்தது. எதிர்ப்பக்கம் போகாமல் அவளுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தான். தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதினான்.

வெளியே கார்க்கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன. பேச்சுக்குரல்கள் வாசல் படலையைத் தாண்டி வந்தன. அழைப்புமணி அடித்தது.

இரண்டு பேரும் எழும்பவில்லை. சிவனேஸ்வரி விரலால் ஆடையை ஒதுக்கிவிட்டு ஒரு மிடறு குடித்தாள். சீனி போட மறந்திருந்தான்.