மூன்று வரி வாசகி

பேராசிரியை தன் மகளுக்குப் பத்துக் கடிதங்கள் எழுதிவிட்டார். மகள் எதையும் முதல் மூன்று வரிக்கு மேல் படித்ததாகத் தெரியவில்லை. தொலைபேசியில் அந்த மூன்று வரிகளைப் பற்றி மட்டுமே பேசுவாள். ஏன் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மகளுக்குப் பதினான்கு வயது. அப்பாவோடு வேறு நாட்டில் இருக்கிறாள். தாய்மொழியைக் கடகடவென்று பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பல மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் இந்த வயதுப் பிள்ளைகளை வாசிக்க வைப்பதே பேராசிரியையின் இருபது வருட ஆய்வு. ஆகவே கடிதங்களையும் அளந்தே எழுதினார்: வாக்கியத்துக்கு ஐந்தாறு சொல், பக்கத்துக்கு இரண்டே புதுச் சொல்.

"லெட்டர் வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா. பூனை நல்லாருக்கா?"

பூனை இரண்டாவது வரி.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... 'பூனை வந்தது. பால் குடித்தது.' என்னை நர்சரில சேர்த்துட்டியாம்மா?"

மகளின் குரல் போன மாதத்தைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது. பேசி முடித்த பிறகும் பேராசிரியை தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. தன் கையெழுத்தில் ஒரே ஒரு பக்கத்தையாவது அவள் கடைசிவரை படிக்கமாட்டாளா?

மறுநாள் ஆய்வு நடக்கும் பள்ளியில், மாணவர்களின் பதிவு செய்த பேச்சை உதவியாளர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அது ஆய்வுக்கான தாள், மாணவர்கள் வாசிப்பதற்கானதல்ல. ஒரு மாணவி எட்டிப் பார்த்து, தன் பேச்சு இருந்த தாளை உருவினாள். விரல் வைத்து இரண்டு பக்கமும் படித்தாள்.

"அக்கா, 'சனியன் பிடிச்ச செருப்பு'ன்னு சொன்னேன். சனியன் எங்க போச்சு?"

"மரியாதையா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டேன்."

"என் செருப்பு, என் சனியன். திரும்பப் போடுங்க."

அவள் போனதும் உதவியாளர், பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியையிடம் சொன்னார்: "மேடம், டெஸ்ட்ல ரெண்டு வரி தாண்டாதவ இவ."

பேராசிரியைக்குப் புரிந்தது. அந்த மாணவிக்குத் தான் பேசிய சொற்களின் ஒலியும் பொருளும் ஏற்கெனவே தெரியும். கண் எழுத்தைப் பிடித்தால் போதும். யாராவது மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் அவளைக் கடைசி வரி வரை இழுத்துப்போகிறது.

அன்று மாலையே ஆரம்பித்தார். இப்போதெல்லாம் மகள் தொலைபேசியில் பேசுகிறாள், அம்மா ஒரு சொல்லையும் எளிதாக்காமல் அதைக் கையால் எழுதி அனுப்புகிறார், மகள் கடைசி வரி வரை படித்து, திருத்தித் திருப்பி அனுப்புகிறாள்.